கல்யாணசுந்தரி திருப்பி வாங்கிய டியூப்கள்

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் மானிட்டர் பழுது பார்க்க ஒரு பொம்பளைப்பிள்ளை கடை போட்டிருக்கிறாள் என்றதும், வந்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். கல்யாணசுந்தரிக்கு இருபத்தாறு வயது. பிளஸ் டூ முடித்து, மதுரையில் டிவி சர்வீஸ் சென்டர் ஒன்றில் மூன்று வருஷம் வேலை பழகியவள். செத்த மானிட்டர்கள் அவள் கைபட்டு உயிரோடு வீடு திரும்பியதும் வேடிக்கை ஓய்ந்தது, வேலை குவிந்தது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பற்றவைக்கிற சால்டர் கம்பியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அந்தக் கம்பியில் காரீயம் இருக்கிறது, வயிற்றுக்குள் போகக்கூடாது என்று மதுரையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீக்கடைக்காரர், "இவளுக்கு டீயை விடச் சோப்புச் செலவு ஜாஸ்தி" என்று கேலி செய்வார்.

அவளைப் படிக்க வைத்தது அக்கா வெயிலுகந்தம்மாள். தாய் தகப்பன் போனபிறகு தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்து தங்கச்சியை ஆளாக்கியவள். இப்போது இசக்கியப்பனின் கண்ணாடித் தூள் மில்லில் சல்லடை போட்டுக்கொண்டிருந்தாள். தீக்குச்சி மருந்தில் கண்ணாடித் தூளும் சேரும். அதனால் எங்கள் ஊரில் கண்ணாடி உடைந்தால் யாரும் வருத்தப்படுவதில்லை, கூட்டி அள்ளிப் பத்திரப்படுத்துவார்கள். சோடா பாட்டில், விளக்குச் சிம்னி, பல்பு, எல்லாம் கடைசியில் மில்லுக்குத்தான் போகும்.

கடை போட்ட நாலாவது வருஷம், கல்யாணசுந்தரியின் கடையில் பழுது நீக்க முடியாத பிக்சர் டியூப்கள் பின்சுவர் முழுக்க அடைத்துக்கொண்டபோது, இந்த ஊர்க்காரி எவளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நாற்பது டியூப்களையும் மில்லுக்கு விற்று வண்டி ஏற்றிவிட்டாள். அக்காவுக்கும் வேலை கிடைக்கும் என்று சந்தோஷம் வேறு.

பத்து நாள் கழித்து ஒரு வங்கிக்குப் புது மானிட்டர்கள் மாட்டப் போனாள். முன்புறம் மூலையில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். பெட்டிக்குள் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகம். மற்றவர்கள் பெட்டியோடு எறிந்துவிடுகிற காகிதத்தை இவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தாள். ஸ்வீடன் நாட்டு ஊழியர் சங்கம் ஒன்று மானிட்டர்களுக்கு வகுத்த விதிகள் அவை, ஸ்டிக்கரும் அந்தச் சங்கத்தினுடையதுதான். காட்மியம், பாதரசம், காரீயம் என்று ஒவ்வொன்றும் மனுஷ உடம்பை என்ன செய்யும் என்று விளக்கியிருந்தது. பிக்சர் டியூபிலும் காரீயம் உண்டு என்ற வரியில் அவள் விரல் நின்றுவிட்டது. மதுரையில் கூட வேலை பார்த்த மூத்த மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். உள்ளேயிருந்து வருகிற எக்ஸ்ரே கதிரைத் தடுக்கக் கண்ணாடியிலேயே காரீயம் கலக்கிறார்கள் என்றும், அதிலும் டியூபின் பின்பக்கத்துப் புனல் வடிவப் பகுதியில்தான் அதிகம் என்றும் அவர் சொன்னார்.

போன வாரம் அக்கா சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஏட்டி, ஒன் டியூப்புத் தூளு என்னமா கனக்குது. படி நெறையிறதுக்குள்ள தராசு தாழ்ந்திருது. மொதலாளிக்குச் சந்தோஷம் பிடிபடலை." அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள். தன் கையை மட்டும் கழுவிக்கொண்டு, விஷத்தை அக்கா மூக்குக்கு அனுப்பிவிட்டோமே என்று அழுதாள்.

காலையில் மில்லுக்குப் போனாள். பன்னிரண்டு பெண்கள் இமையெல்லாம் வெள்ளையாகச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்த டியூப்ப இனிமே அரைக்கக் கூடாது. கதிரைத் தடுக்கச் செய்யுதவனே கண்ணாடியில காரீயம் கலக்குதான். தூளா உள்ள போனா நரம்பு, மூளை எல்லாத்தையும் கெடுத்துரும்."

இசக்கியப்பன் கெட்ட மனுஷரில்லை, தராசு சொல்வதைத்தான் நம்புவார், அவ்வளவுதான். "ஏம்மா, ஊரே டிவி முன்னால உக்காந்து சோறு திங்குது. எவன் செத்தான்?"

"முழுசா இருக்கிறவரைக்கும் அது காவல் அண்ணாச்சி. அரைச்சாத்தான் விஷம்."

"செய்யுதவனே கலக்குதான்னு நீயே சொல்லுத. பெறகென்ன?"

"அவன் ஊர்ல கண்ணாடிய அரைச்சுத் தீக்குச்சி செய்யுததில்லயே."

சல்லடைகள் நின்றன. வெயிலுகந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி சுந்தரி, இதை இங்கன கொண்டாந்து போட்டது யாரு?"

தப்பிக்க ஆயிரம் வழி இருந்தது. தெரியாமல் நடந்தது, ஊர் வழக்கம், எல்லோரும் செய்வது. அவள் ஒன்றையும் சொல்லவில்லை.

"நாந்தான்க்கா. வித்தவளே வந்து சொல்லுதேன், தொடாதிய."

அக்கா சல்லடையைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, தூளுக்கு ஆர்டர் நெருக்கியது. மில் நின்றால் கதை கந்தல். இசக்கியப்பன் மிச்சமிருந்த முப்பத்தொரு டியூப்களையும் திருப்பிக் கொடுத்தார். அரைத்த இரண்டு மூட்டையையும் அவள் விடாமல் கேட்டு வாங்கினாள். அன்று சாயங்காலமே அவர் வெயிலுகந்தம்மாளிடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஒன்னையப் படிக்க வச்சதுக்கு நல்லாக் கூலி குடுத்திட்டட்டி" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கச்சி சொன்னதை நம்பித்தான் சல்லடையைக் கீழே வைத்தாள். நம்பினால் கோபம் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

கல்யாணசுந்தரி தகர டிரம்களில் தூளை அடைத்து மூடினாள். டியூப்களை வீட்டிலிருந்த ஒரே அறையில் அடுக்கிவிட்டுக் கட்டிலைக் கடைக்குள் போட்டுக்கொண்டாள். இதை எங்கே கொடுப்பது என்று கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு வருஷக்கணக்கில் பதில் இல்லை. ஊரில் எந்த மானிட்டர் செத்தாலும், "ஒடைக்காம எங்கிட்டக் கொண்டாங்க" என்றாள். கிறுக்கி என்றார்கள். கேட்டுக்கொண்டே சேர்த்தாள். இப்படியொரு கிறுக்கு வாய்க்க ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும், நான் சத்தியமாகச் சொல்வேன். அக்கா வீட்டுக்கு மாசாமாசம் அரிசி அனுப்பினாள். அரிசி உள்ளே போனது, பேச்சு மட்டும் வெளியே வரவில்லை. நாலு வருஷம் அப்படியே போயிற்று.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் ஒரு மத்தியானம், கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மடியில் பழைய டிவியைப் பச்சைப்பிள்ளையைப் போல அணைத்தபடி வெயிலுகந்தம்மாள் இறங்கினாள்.

"மெக்கானிக்கு டியூப்பு போயிட்டுன்னுட்டான். பழைய சாமான்காரன் கேட்டான், நான் குடுக்கலை. எங்கன வைக்க?"

கல்யாணசுந்தரி எழுந்து ஓடிவந்தாள். மூலையைக் கை காட்டினாள். அக்கா டிவியைப் பதனமாக இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சோப்பு எங்கன இருக்கு? கையக் கழுவிட்டு வாரேன், சேந்து சாப்பிடலாம்."