பெரிய கோயில் ஐந்து ரூபாய்

என் அண்ணி கையில் சில்லறை விழுந்தால் அது உடனே பர்ஸுக்குள் போகாது. உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த பிறகுதான் கை மூடும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "இன்னாம்மா, கள்ளக்காசா குட்த்துட்டேன்?" என்று கண்டக்டர்கள் சண்டைக்கு வருவார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்த விரல்கள் காசைப் புரட்டும் வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஏனென்றால் நடுவில் ஒரு வருடம் அந்த விரல்களால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது.

அண்ணி மருந்துக்கடை ஒன்றில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்கச் சில்லறை வந்து போகும் இடம். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. ஏதாவது வித்தியாசமான காசு வந்தால், தன் பர்ஸிலிருந்து அதே மதிப்புக்கு வேறு காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். காண்டாமிருகம் பொறித்த, இப்போது செல்லாத நாலணா, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு ரூபாய், தென்னைமரம் போட்ட பத்து ரூபாய் என்று ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தார். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஊரே வாங்க மறுத்த காலத்தில், அண்ணி மட்டும் எல்லோரிடமும் சந்தோஷமாக வாங்கிப் போட்டார். பழைய காசு லட்சத்துக்குப் போகிறது என்று யாராவது செல்போனில் வீடியோ காட்டினால், "வாங்குறவன் அட்ரஸையும் காட்டச் சொல்லுங்க" என்பார். விற்கும் எண்ணமே அவருக்கு இல்லை. காசு கொடுத்துக் காசு வாங்கவும் மாட்டார். "அதுவா தேடிக்கிட்டு நம்ம கைக்கு வரணும். கடையில போயி வாங்குனா அதுல என்ன இருக்கு?" என்பார்.

அப்படி வரவே வராத காசு ஒன்று இருந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியிட்ட ஐந்து ரூபாய். அண்ணி தஞ்சாவூரில் பிறந்தவர். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எதிரே கோயில் விமானம் தெரியுமாம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காட்டி, "எப்படிக் கீது எங்க ஊரு கோயிலு?" என்று அண்ணன் பெருமையாகக் கேட்க, "அழகாத்தான் இருக்கு, ஆனா சின்னதா இருக்கே" என்று சொல்லிவிட்டார். இருபது வருடமாக அண்ணன் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஊர்க்கோயில் ஒரு நாள் தன் கல்லாவுக்கு வரும் என்று அண்ணிக்கு நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கை ஒரு மழைநாளில் போயிற்று. திருப்போரூர் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓட, அண்ணியின் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது மணிக்கட்டு நொறுங்கி, அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. பிசியோதெரபி சொல்லித்தந்த பெண், "புளியங்கொட்டை, காசு, எது கெட்ச்சாலும் பொறுக்கிப் பொறுக்கிப் போடுங்கக்கா" என்று சொல்லி அனுப்பினார். அண்ணி இரண்டு நாள் முயன்றார். காசு விரலிடுக்கில் நழுவித் தரையில் உருள, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் பிஸ்கட் டப்பாவை மூடி என்னிடம் நீட்டி, "பரண்ல போட்டுரு" என்றார். கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அண்ணி வெளியே போவதையே நிறுத்திவிட்டார். பேசினால் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

அண்ணன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். இயந்திரம் கெட்டால் சரிசெய்யத் தெரிந்தவருக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவியை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் சென்னைக்குப் போய் நாணயம் விற்கும் கடையில் அந்தக் காசை வாங்கி வந்து, சமையலறையில் ரகசியமாக என்னிடம் காட்டினார். புழக்கத்துக்கே போகாத காசு. தங்கம்போல் மின்னியது.

"நேரா குட்த்தா தூக்கிப் போட்ருவா, பாப்பா. சில்லறையில வர்ணும்" என்றார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அண்ணியை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போவது. அண்ணனுக்குப் பழக்கமான இளநீர்க்கார அக்காவிடம் காசை முன்கூட்டியே கொடுத்து வைப்பது. இளநீர் குடித்துவிட்டு அண்ணி பணம் கொடுக்கும்போது, மிச்சம் ஐந்து ரூபாயாக அது அவர் கையில் விழுவது. ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பிக் கூட்டிப்போன அண்ணியை நான் கடலோரமாக நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலையை முடித்துவிட்டுத் தூரத்திலிருந்து தலையாட்டினார்.

நாங்கள் இளநீர் வண்டியருகே வருவதற்குள் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. பத்துப் பதினைந்து பேர் இறங்கி இளநீர் கேட்டார்கள். அக்கா சீவிச் சீவிக் கொடுத்தார், சில்லறையை அள்ளி அள்ளிக் கொடுத்தார். நாங்களும் குடித்து முடித்து, வேன் கிளம்பும் நேரத்தில் அண்ணி கையில் விழுந்த மிச்சம் சாதாரண ஐந்து ரூபாய். அண்ணனின் முகம் மாறியது.

"அக்கா, அந்தக் காசு?"

அக்கா சாக்கை உதறினார், இடுப்புப் பையைக் கவிழ்த்தார். "அய்யய்யோ அண்ணாத்த! தனியாத்தான் வெச்சிருந்தேன். அவசரத்துல அந்த வேன்காரங்களுக்குக் குட்த்துட்டேன் போல கீது!"

அண்ணன் வேன் போன திசையில் ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திருப்பத்தில் வேனை மறித்து, உள்ளே தலையை நீட்டி, எல்லோரையும் பர்ஸைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். பைத்தியம் என்று நினைத்து டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போய்விட்டார். வியர்த்து வழிய வெறுங்கையோடு திரும்பி வந்தவரிடம், "என்னங்க தேடுறீங்க?" என்று அண்ணி கேட்டார். அண்ணனுக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அண்ணி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து திரும்பினால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடையில பத்திரமா இருந்த காசை ஊருக்குள்ள அவுத்து விட்டுட்டாரு உங்க அண்ணன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இப்ப அது நெசமாவே எங்கயோ சில்லறையோட சில்லறையா சுத்திக்கிட்டு இருக்கும்ல?" என்றார்.

மறுநாள் காலை அண்ணி தானாகக் கீரை வாங்கக் கிளம்பினார். மிச்சத்தை வலது கையில் வாங்கியிருக்கிறார். பாதி கீழே விழுந்ததாம். குனிந்து பொறுக்கினாராம். அதை அவர் சொன்னபோது குரலில் சலிப்பு இல்லை. அதற்குப் பிறகு பால், பூ, பஸ் என்று வெளியே போகும் வேலைகளையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டார். மாலையில் பரணிலிருந்து இறங்கிய டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு காசாகப் பொறுக்கிப் போடுவார். விரல் மெல்ல மெல்ல மடங்கியது. முழுதாக மடங்கவில்லை, சுண்டுவிரல் இன்றும் விறைப்பாகத்தான் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் முதலில் அரை நாளுக்குக் கூப்பிட்டார், பிறகு பழையபடி முழுநாளுக்கும்.

இப்போது யாரும் சில்லறை தருவதில்லை. கீரை விற்பவரும் ஸ்கேன் செய்யும் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். நான் பர்ஸ் எடுத்துப்போவதையே மறந்துவிட்டேன். அண்ணி மட்டும் நோட்டுக் கொடுத்து மிச்சம் வாங்குகிறார். போன மாதம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பூக்காரப் பெண் கொடுத்த மிச்சத்தைப் புரட்டியவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பெரிய கோயில்.

வீட்டில் அதைப் பார்த்த அண்ணன் துள்ளிக் குதித்தார். "கெட்ச்சிட்ச்சா! எங்க போனாலும் நம்ம காசு நம்மகிட்டதான் வரும்!"

அண்ணி அதை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். விளிம்பு மழுங்கி, கறுத்து, விமானத்தின் உச்சி தேய்ந்தே போயிருந்தது.

"இது உங்க காசு இல்லீங்க. அது பளபளன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்களே. இது ரொம்ப வருசமா கை மாறி மாறி வந்திருக்கு."

அண்ணன் அதை வாங்கி வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். மின்னவில்லை. "அப்ப என்னுது எங்க?" என்று குழந்தைபோலக் கேட்டார்.

"அது இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு" என்றார் அண்ணி.

அண்ணன் காசை இன்னொரு தடவை வேட்டியில் தேய்த்தார். "ஞாயித்துக்கெழம மாமல்லபுரம் போலாமா? எளநி குடிச்சி ரொம்ப நாளாச்சி."

"போலாம்" என்று அண்ணி வலது கையை நீட்டிக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆனா மிச்சத்தை நான்தான் வாங்குவேன்."