செருப்போடு விட்ட ஊன்றுகோல்

டாக்டருக்கு மரியாதை என்று ஊன்றுகோலைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போன ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். கல்வராயன் மலையில் புளி உலுக்க மரமேறி விழுந்ததிலிருந்து என் இடதுகாலுக்கு உயிரில்லை. கூலிக்குப் போக முடியாது. அரசாங்க உதவித்தொகை வந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். அதற்கான ஊனச் சான்று வாங்கத்தான் நானும் மனைவியும் கள்ளக்குறிச்சி முகாமுக்கு வந்திருந்தோம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நடந்தேன்.

"உங்க வேலய நீங்களே செஞ்சிக்கிறீங்களா?" என்றார் டாக்டர்.

"டான்ஸே ஆடுவேங்க!"

சிரித்தார். காலை மடக்கிப் பார்த்துச் சதவீதம் எழுதினார். உதவித்தொகைக்கு அது போதாதாம்.

வெளியே வந்து மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். இனி யாரிடம் போய் நிற்பது? அவள் ஊன்றுகோலை எடுத்து நீட்டினாள்.

"தடிய வெளிய வுட்டுட்டுப் போனியே, அந்த வாயயும் இங்கியே வுட்டுட்டுப் போறதுக்கு இன்னாய்யா?"