மூடாத மலைப்பாதை

கீவ்ஸ்டனில் லோர்னா டன்னைத் தெரியாத பிள்ளை கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எந்த வளைவில் பனி உறைந்திருக்கும், எந்தப் பாலத்தில் சக்கரம் வழுக்கும் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் ஊரில் வண்டியை எடுப்பார்கள். அவள் கணவன் குவீன்ஸ்லாந்து வெயிலைத் தேடி ஒரேயடியாகப் போனபோது மீன்பிடிப் படகை விட்டுவிட்டுப் போனான். அதை விற்று அவள் கேமரா வாங்கினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அதிலிருந்து ஜூனில் குளிர்காலம் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவளை வீட்டில் பார்க்க முடியாது. ஹார்ட்ஸ் மலையில், முழங்கால்வரை பனியில் புதைந்து, ஏதாவது ஒரு மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

பக்கத்தில் தோழி ஹெஸ்டரும் நிற்பாள். ஹெஸ்டர் லினோலியத் தகட்டில் உளியால் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கிறவள். லோர்னா எடுக்கும் புகைப்படத்தைப் பார்த்துத்தான் செதுக்குவாள். ஆகஸ்டில் பழைய ஆப்பிள் கிடங்கில் நடக்கும் குளிர்காலக் கண்காட்சியில் புகைப்படமும் அச்சும் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு.

அந்த ஒன்பது வருடமும் லோர்னா ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். வருகிறவர்கள் முதலில் அவள் படத்தைப் பார்ப்பார்கள். "நல்லாருக்கு" என்பார்கள். பிறகு ஓரடி நகர்ந்து ஹெஸ்டரின் அச்சுக்கு முன்னால் போய் நின்றால் அவ்வளவுதான், பேச்சு மூச்சு இருக்காது. கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிவார்கள். கை விறைக்க மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்தவள் இவள். அடுப்பங்கரை மேசையில் தேநீர் குடித்துக்கொண்டே செதுக்கியவள் அவள். இதை நினைக்கும்போதெல்லாம் லோர்னாவுக்கு எரிச்சலாக வரும். தோழியாயிற்றே என்று விழுங்கிக்கொள்வாள்.

அந்த வருடம் விழுங்க முடியவில்லை. கண்காட்சிச் சுவரொட்டிக்கு ஹெஸ்டரின் அச்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பனியில் நடக்கும் வாம்பட் என்ற குட்டைக்கால் விலங்கு. கீழே தடித்த எழுத்தில் ஹெஸ்டர் கோதார்ன். அதற்கும் கீழே, எறும்பு வரிசை போல, "படம்: எல். டன்". லோர்னா என்று முழுதாகப் போடக்கூட இடமில்லாமல் போய்விட்டது. இறைச்சிக் கடையில், பெட்ரோல் பங்கில், எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய பேருந்தின் பின்கண்ணாடியிலேயே அதை ஒட்டினார்கள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மலையில் நல்ல பனி கொட்டியது. மறுநாள் வானம் தெளியும் என்றார்கள். மாலையில் ஹெஸ்டர் போன் செய்தாள்.

"நாளைக்குப் போலாமாடி?"

"எங்க போறது? மேல வழிய மூடிட்டாங்க. கேட்டைப் பூட்டியாச்சாம்."

பொய் வாயிலிருந்து தானாக வந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள லோர்னாவுக்கு மனமில்லை.

"அட, அப்படியா? நல்லவேளை சொன்னே. ரோலண்ட்கிட்டயும் சொல்லிடுறேன், அவரும் கேட்டுட்டிருந்தாரு."

ரோலண்ட் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். புதுக் கேமராவோடு கொஞ்ச நாளாக ஹெஸ்டரைச் சுற்றி வருகிறவர்.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு லோர்னா மலைமேல் இருந்தாள். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், நேரம், போகுமிடம் எழுதிவிட்டுத்தான் யாரும் உள்ளே நடப்பார்கள். பழக்கதோஷத்தில் அவளும் எழுதிவிட்டு நடந்தாள்.

சின்ன ஏரி முழுதும் உறைந்து கிடந்தது. கரையில் வளைந்து நின்ற பனி யூகலிப்டஸின் பட்டை ஈரத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வரி வரியாக மின்னியது. அந்த நிறங்கள் அப்படியே பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தன. ஹெஸ்டரின் மையோ கறுப்பு. "இதைச் செதுக்குடி பாப்போம்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு எடுத்தாள். அவள் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. எடுக்கும்போதே தெரிந்தது.

திரும்பும்போது கால் வழுக்கி இரண்டு பாறைகளுக்கு நடுவே விழுந்தாள். இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. யாராவது வருவார்கள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் உறைத்தது: யாரும் வரமாட்டார்கள். வழி மூடியிருக்கிறதே! கேமராவின் முக்காலியை ஊன்றி, சில இடங்களில் உட்கார்ந்தே நகர்ந்து, அரைமணிப் பாதையை நாலு மணி நேரத்தில் கடந்து வண்டிக்கு வந்து சேர்ந்தாள். விறகு எடுக்கப் போய்ப் பின்படியில் விழுந்துவிட்டதாக ஊரில் சொன்னாள். ஊரும் நம்பியது.

பத்து நாள் கழித்து ஹெஸ்டர் ஒரு பானை பட்டாணி சூப்போடு வந்தாள். பூட்ஸில் மலைச்சேறு.

"யாரோட போனே?" என்றாள் லோர்னா, வா என்றுகூடச் சொல்லாமல்.

"ரோலண்டோட."

"பல்லைப் பிடுங்கறவருக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

ஹெஸ்டர் பானையை அடுப்பின்மேல் வைத்தாள். "நோட்டுல உன் பேர் பாத்தேன். சனிக்கிழமை, எட்டேகால், ஒரு ஆள், ஏரிக்கரை. திரும்பி வந்த நேரம் எழுதற கட்டம் காலியா கெடந்துச்சு."

லோர்னா கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி?"

"பொறாமை. வேறென்ன? பக்கத்துல உன் அச்சு தொங்குனா என் படத்தை எவன் பாக்குறான்? உன் பேரை முதுகுல ஒட்டிக்கிட்டு தெனமும் எண்பது கிலோமீட்டர் ஓட்டுறேன்டி நான். ஒரே ஒரு படமாவது எனக்குன்னு இருக்கட்டுமேன்னு போனேன்."

ஹெஸ்டருக்குச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தனியா போறேன்னு சொல்லியிருந்தா நான் வீட்ல கெடந்திருப்பேன். வழி மூடியிருக்குன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? நானு! நீ அங்கயே வெறைச்சுச் செத்திருந்தா நான்டி உன்னைக் கொன்னவளா ஆகியிருப்பேன்." கதவருகே போய்த் திரும்பினாள். "சூடு பண்ணிக் குடி. பானையை எடுக்க நான் வரமாட்டேன். கால் சரியானதும் நீயே கொண்டாந்து குடு."

அந்த ஆகஸ்டில் லோர்னாவின் ஏரிப் படம் ஜோடியில்லாமல் தனியாகத் தொங்கியது. ஹெஸ்டரின் புது அச்சு ரோலண்டின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. படம் சுமார்தான். அச்சு அபாரம். அதுதான் லோர்னாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஆசைப்பட்டபடியே ஜனங்கள் அவள் படத்துக்கு முன்னால் நின்றார்கள், வெகுநேரம் நின்றார்கள். நின்றுவிட்டு, "இதுக்கு ஹெஸ்டரோட அச்சு எங்க?" என்று கேட்டார்கள். ஏழு பேருக்கு "இந்த வருஷம் இல்ல" என்று பதில் சொன்னாள். எட்டாவதாகக் கேட்டவர் இறைச்சிக் கடைக்காரர்.

"நான் அவகிட்ட ஒரு பொய் சொன்னேன். அதனால இல்ல" என்றாள்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேக் இருந்த மேசைப் பக்கம் நழுவினார். மறுநாள் லோர்னா பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு ஹெஸ்டர் வீட்டுக்குப் போனாள். ஹெஸ்டர் உள்ளே கூப்பிட்டாள். ஆனால் தேநீர் கொடுக்கவில்லை.

அடுத்த ஜூனில் இருவரும் மறுபடி மலைக்குப் போனார்கள். லோர்னா ஏரிக்கரையில் மேகம் விலகக் காத்திருந்தபோது ஹெஸ்டர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் பென்சிலால் எதையோ கிறுக்கினாள். லோர்னா எட்டிப் பார்த்தாள். நாலே கோடு. காற்று, குளிர், சாய்ந்த மரம் எல்லாம் அதில் இருந்தன.

"எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள்.

"எரியட்டும். இந்தக் குளிர்ல அதாவது சூடா இருக்கே."

லோர்னாவும் சிரித்தாள். எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. மேகம் விலகும்வரை அதோடுதான் நின்றுகொண்டிருந்தாள்.