பழுப்புத் துகள்

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குப் பட்டாசு அக்கா என்று பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? இருபத்திரண்டு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் ரத்தம் பார்க்கிறவள். மலேரியாக் கிருமி என்றால் பங்காளியைப் பார்த்த மாதிரி முகம் சிவந்துவிடும்.

"சிவப்பணுக்குள்ள விருந்தாளியா நுழைஞ்சு வீட்டையே தின்னுது, திமிரைப் பாரு!" என்று பொரிந்து தள்ளுவாள்.

அது தின்பது அணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினை. தின்று மிஞ்சும் இரும்புக் கழிவு அதற்கே விஷம். செத்துத் தொலையாதா என்று பார்த்தால், அந்த விஷத்தைப் பழுப்புத் துகளாக இறுக்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் சாப்பிட உட்கார்ந்துவிடும். கடைசியில் அணு வெடிக்கும்போது துகள்களை வெள்ளையணுக்கள் விழுங்கிவிடுகின்றன. கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் கிருமி பதுங்கிக்கொண்டால், விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் அது தென்படாமலே போகலாம். ஆனால் வெள்ளையணுவில் துகள் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அவள் அறிக்கையின் ஓரத்தில், 'துகள் உண்டு, விடாதீர்கள்' என்று எழுதுவாள்.

புது மேலாளர் வந்ததும் படிவம் மாறியது. கிருமி உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம்.

"துகள் துகள்னு ஓரத்துல கதை எழுதாதீங்கம்மா. இருக்கா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு வாரம் சண்டை போட்டாள். அதற்குமேல் அவளுக்கே வெறுத்துப்போனது. "எக்கேடோ கெட்டுப் போங்க!" என்று, அன்று வந்த ஒரு படிவத்தில் 'இல்லை' கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டாள். தாள் கிழிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டாள்.

பத்தாம் நாள் தம்பி ஓடிவந்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போடுகிறதாம், பிரசவ வார்டில் சேர்த்திருக்கிறான்.

"போன வாரமே உங்க லேப்லதான்கா ரத்தம் கொடுத்தோம். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே."

அவன் நீட்டிய தாளில் 'இல்லை' கட்டம் கிழிந்திருந்தது. லேபுக்கு எண்தான் வரும், பெயர் வராது. அடியிலிருந்த கையெழுத்துக் கிறுக்கலை அவன் படிக்கவில்லை.

பெட்டியில் அந்த எண்ணுள்ள ஸ்லைடைத் தேடி எடுத்தாள். பார்க்கவே தேவையில்லை. இருந்தும் பார்த்தாள். வெள்ளையணுவில் பழுப்புத் துகள், அன்று பார்த்த அதே இடத்தில்.

ஸ்லைடோடு வார்டுக்குப் பாய்ந்தவளை மேலாளர் மறித்தார்.

"கொடுத்த ரிப்போர்ட்டை மாத்தக்கூடாதும்மா."

"வழியை விடுய்யா!"

அடுத்த அரைமணியில் மருந்து ஏறியது. குழந்தை முன்கூட்டியே பிறந்தது. உள்ளங்கையளவுதான் இருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது.

அதற்கப்புறம் மேலாளர் ஓரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தம்பிதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறான். "எங்க அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது. லேப்ல கோட்டை விட்டதை அவதான் கண்டுபிடிச்சா!"

"வாயை மூடுடா!" என்று அவள் கத்துவாள்.

"பாருங்க, பாராட்டினாக்கூடக் கோபம் வருது," என்று அவன் சிரிப்பான்.

கிழிந்த அந்தத் தாள் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. அவன் சிரிக்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டிவிடலாம் என்று அவள் கை ஜிப்வரை போகும், திரும்பி வந்துவிடும்.