கோழி கிண்டின எழுத்தும் என் மகளின் கொப்பியும்

பிரான்ஸ் நாட்டுக் கொப்பித் தாளுக்கு ஒரு கோடு போதாது. ஒரு தடித்த கோட்டுக்கும் அடுத்த தடித்த கோட்டுக்கும் நடுவே மூன்று மெல்லிய கோடுகள், அவற்றை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே இன்னும் கோடுகள், இடது பக்கத்தில் சிவப்பாக ஒன்று. மகள் ஆரணி முதலாம் வகுப்புக்குப் போகும்போது கொப்பி வாங்கப் போன நான், இது தையல்காரருக்கான தாளாக்கும் என்று திரும்ப வைத்துவிட்டேன். கடைக்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டு எடுத்துத் தந்தாள். எந்த எழுத்து எத்தனை கோடு உயர வேண்டும் என்று தாளே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்குமாம். இவ்வளவு கண்டிப்பான தாளை உண்டாக்கியவர்கள் கையெழுத்தை மதிக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். பதின்மூன்று வருடம் அந்த முடிவை நம்பியிருந்தேன்.

நான் பாரிஸ் நகருக்குள், லா சப்பலில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் சாறி பிளவுஸ் தைக்கிறேன். வீடு நகருக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில். ஊரில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற தாய்மாரும் இங்கே இருக்கிற தாய்மாரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நியாயம் குறைவு, எரிச்சல் கூட. எனக்கு என் சிநேகிதி கலாவில் பொறாமை.

யாழ்ப்பாணத்தில் நானும் கலாவும் ஒரே வகுப்பு. வகுப்பில் அவசரமாக எழுதியதை வீட்டில் செப்பமாகத் திருப்பி எழுதுவதுதான் அப்போது படிப்பில் பாதி. தலைப்புக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீலம், அடிமட்டம் வைத்து அடிக்கோடு. என் கொப்பியை ரீச்சர் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டுவார். கலாவின் கொப்பியோ கோழி கிண்டின மாதிரி இருக்கும். அவள் எதையும் திருப்பி எழுத மாட்டாள். "எழுதினதைத் திருப்பி எழுத எனக்கென்ன விசரே?" என்பாள். உயர்தரப் பரீட்சையில் இரண்டு பேருக்குமே பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஆனால் அவளுக்கு என்னைவிடக் கூடப் புள்ளிகள். எங்கள் இருவரின் கொப்பிகளையும் பார்த்தவர்கள் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

பாரிஸ் வந்த பிறகும் அவள் என்னை விடவில்லை, அல்லது நான் அவளை விடவில்லை. லா சப்பலில் ஒரே கட்டிடத்தில், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியில், எதிரெதிர் வீடுகளில் எட்டு வருடம் இருந்தோம். எனக்கு ஆரணியும் அவளுக்கு நிவேதாவும் பிறந்தது ஒரே வருடத்தில். பிறகு நாங்கள் லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கிப் போனோம். மூன்று அறை, மேலே கூரை, பின்னால் உடுப்புக் காயப்போட ஒரு துண்டு நிலம். கலா அந்த இரண்டு அறையிலேயே கிடந்தாள். அவளைக் கண்டு பரிதாபப்படுவது எனக்கு ஒரு சுகமாக இருந்தது. பொய் சொல்லி என்ன பயன்?

பிள்ளைகள் லிசேக்குப் போகும் வருடம், அதாவது இங்கே கடைசி மூன்று வருடம் படிக்கும் உயர்பள்ளிக்கு, கலா கடைக்கு என்னைத் தேடி வந்தாள்.

"எடியே, இஞ்சை விலாசத்தைப் பாத்துத்தான் பள்ளிக்கூடம் குடுக்கிறாங்கள். பாரிஸ் விலாசமெண்டால் நல்ல லிசே கிடைக்கும். ஆரணி கிழமை நாளிலை எங்களோடை நிண்டு படிக்கட்டும். எங்கட தபால் பெட்டியிலை அவளின்ரை பேரையும் ஒட்டிவிடுறன். நிவிக்கும் துணை."

"சொந்த வீடு வாங்கிப்போட்டு உன்ரை பெட்டியிலை ஏன்டி நான் பேர் ஒட்டவேணும்?"

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். கொண்டுவந்த பிளவுஸ் துணியைத் தந்துவிட்டுப் போனாள்.

ஆரணி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற ஒரு லிசேயில் படித்தாள். நல்ல ஆசிரியர்கள், குறை சொல்ல வரவில்லை. நடுவில் இடைவெளி விட்ட போட்டோகொப்பித் தாள்களைக் கொடுப்பார்கள், பிள்ளைகள் சொற்களை நிரப்புவார்கள். மற்றதெல்லாம் கரும்பலகையில் முழுதாக எழுதிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணியும் நானும் மேசையில் எதிரெதிரே இருப்போம். அவள் திருப்பி எழுதுவாள், நான் அடிமட்டம் பிடிப்பேன். இருபதுக்குப் பதினாறு, பதினேழு என்று வரும். தேர்ச்சி அறிக்கையில் 'அக்கறையான மாணவி' என்று எல்லாப் பாடத்துக்கும் எழுதியிருக்கும். கலாவின் மகள் பாரிஸ் லிசேயில் எட்டும் ஒன்பதும் எடுத்துக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமைகளில்கூட நாலு மணித்தியாலச் சோதனை என்று கலா புலம்புவாள். நான் ஆறுதல் சொல்வேன். ஆறுதல் சொல்லும்போது எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

பக் என்கிற பள்ளி இறுதிச் சோதனையில் ஆரணிக்கு மேலான சித்தி. நிவேதாவுக்கு ஒரு படி குறைவு. நான் லட்டு வாங்கிக்கொண்டு முதலில் ஏறியது கலா வீட்டு நாலு மாடியைத்தான். மூச்சு வாங்கியதுகூட இனித்தது.

இருவரும் ஒரே தொழில்நுட்பக் கல்லூரிக்கு, உயிரியல் ஆய்வுகூடப் படிப்புக்கு எடுபட்டார்கள். முதல் அரையாண்டு முடிவு வந்தது. நிவேதாவுக்குப் பன்னிரண்டு, ஆரணிக்கு ஏழு. சித்தியடையப் பத்து வேண்டும். அடுத்த அரையாண்டும் இப்படியே போனால் ஆரணி அங்கே தொடர்ந்து படிப்பதா வெளியேறுவதா என்று ஆசிரியர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அந்தக் கடிதத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன்.

ஊரில் என்றால் என்ன செய்வோம்? கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தியாரைக் காண்போம். நானும் அதைத்தான் செய்தேன். ஆரணிக்குச் சொல்லாமல் அவளுடைய கொப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல சாறி கட்டி, கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி மரியாதையாகத்தான் சொன்னார்: மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவளைப் பற்றி உங்களிடம் கதைக்க முடியாது, மதாம். பெற்றவளிடம் பிள்ளையைப் பற்றிக் கதைக்க முடியாதாம்! என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, அங்கே நின்ற ஒரு விரிவுரையாளர் கிட்ட வந்தார். நான் கொப்பியை விரித்துக் காட்டினேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார்.

"மன்யிஃபிக்" என்றார். அற்புதமாம். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாம் எழுதுகிற பிள்ளைக்கு யோசிக்க எப்போது நேரம் கிடைக்கிறது?"

அவ்வளவு பெரிய உழைப்பு என்று வியக்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். "மெர்சி, மிஸ்யூ" என்று இரண்டு தரம் நன்றி சொன்னேன். ரயில் முழுக்கச் சிரித்த முகத்தோடு வந்து, பரிசு வாங்கியவள் மாதிரி மகளிடம் அப்படியே ஒப்புவித்தேன்.

"அம்மா, அது பாராட்டு இல்லை. நான் யோசிக்கிறேல்லை எண்டு சொல்லியிருக்கிறார். நீங்கள் அதுக்கு மெர்சி சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்."

பிறகு அழுதுகொண்டே, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் கொட்டினாள். "லிசேயிலை இடைவெளியை நிரப்பினால் பதினாறு. இஞ்சை ஆரும் ஒண்டும் எழுதிப் போடுறேல்லை. படிப்பிக்கிறவர் கதைச்சுக்கொண்டே போறார். நான் முதல் வசனத்தை வடிவா எழுதி முடிக்க, அவர் மூண்டாம் பக்கத்துக்குப் போயிட்டார். ஞாயிற்றுக்கிழமை இருந்து திருப்பி எழுதிறன், எழுதினது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை. நிவிக்கு இதெல்லாம் லிசேயிலேயே பழக்கிப்போட்டினம், அம்மா. எனக்கு ஒருத்தரும் பழக்கேல்லை."

ஒருத்தரும் என்றால் லிசேயும்தான், நானும்தான். பள்ளிக்கூடத்தைத் திட்ட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருக்கிறது. நீந்தத் தெரியாத பிள்ளைக்குப் பதினாறு போட்டுக் கடலில் இறக்கிவிட்டார்களே என்று கடையில் நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பக்கத்தில் அடிமட்டம் பிடித்துக்கொண்டு இருந்தவள் யார்?

அடுத்த நாள் வேலை முடிந்து கலா வீட்டுக்கு ஏறினேன். கலா தேநீர் போட உள்ளே போனாள். மேசையில் நிவேதாவின் கொப்பி விரித்தபடி கிடந்தது. அரைச் சொற்கள், அம்புக்குறிகள், ஓரத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி, குறுக்கே கோடு போட்டு வெட்டிய வசனங்கள், கோப்பை வைத்த வட்டக்கறை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. அந்த எழுத்து நாடு விட்டு நாடு வந்தும் திருந்தவில்லை. ஓர் அழுக்குக் கொப்பியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். அந்தக் கேள்விக்குறி ஒன்றை என் மகளின் கொப்பியில் எங்கேயும் நான் கண்டதில்லை. ஒருநாள் அவள் போட்டிருந்தாலும், திருப்பி எழுதும்போது அழிக்கச் சொல்லியிருப்பேன்.

கலா கொண்டுவந்த தேநீரைக் குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்தேன். கடைசியில், "கலா, உன்ரை பெட்டியிலை இன்னும் இடமிருக்கோ?" என்றேன்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "அதுக்கென்னடி. ஞாயிறு பின்னேரமே ஆரணியைக் கூட்டிக்கொண்டு வா. நிவியின்ரை கட்டில் அகலம்தான்."

'அப்பவே சொன்னனான்' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனமும் ஆறியிருக்கும். அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து இப்போது பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.

ஆரணி அங்கே போய் ஏழு கிழமை. நேற்று வேலை முடிந்து இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு போனேன். எட்டு வருடம் இருந்த கட்டிடத்தின் கதவு எனக்குத் திறக்கவில்லை. கதவைத் திறக்க அழுத்துகிற இரகசிய இலக்கத்தை மாற்றிவிட்டார்களாம். ஆரணிக்கு போன் எடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே தபால் பெட்டிகள் தெரிந்தன. கலா குடும்பத்தின் பெயருக்குக் கீழே, கோணலாகக் கிழித்த தாளில், கோழி கிண்டின எழுத்தில் என் மகளின் பெயர்.

அவள் இறங்கி வந்து கதவைத் திறந்தாள். ஆய்வுகூடச் சோதனையில் பதினொன்று என்றாள். கையிலிருந்த தாளைக் காட்டினாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அவ்வளவு மோசமான கையெழுத்து. "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினேன். உண்மையாகவே சந்தோசம். அந்தப் பதினொன்றில் எனக்குப் பங்கில்லை என்ற எரிச்சலும் உண்மை.

"மேலை வாங்கோவன், அம்மா."

"இல்லைப் பிள்ளை, ரயிலுக்கு நேரமாகுது."

"அப்ப சரி. குளிருது, நான் வீட்டை போறன்" என்று சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். லெ பிளாங்-மெனிலில் எங்கள் வாசலிலும் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதில் அவளுடைய பெயரை நான் அடிமட்டம் வைத்து, கறுப்பு மையில், ஒரு எழுத்தும் கோணாமல் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு இப்போது கடிதம் வருவதில்லை.