கொழிஞ்சாம்பாறையின் மானம்

கொச்சி ராஜ்யத்தின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறைச் சந்தை. சித்திரை வெயில் கொளுத்த வேண்டிய வாரத்தில் ஓயாத தூறல். மாட்டுத் தரகர்கள் கம்பளி போர்த்தி நிற்கிறார்கள். அவித்த கடலைக்காய் விற்கும் அம்மாளுக்கு என் சென்னைப் பத்திரிகையை வாசிக்கிறேன்: மலபாரில் மழை, கோயமுத்தூரில் வெயில். நடுவிலிருக்கும் இந்த ஊரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"எங்க மானத்தப் பத்தி அவுங்களுக்கு என்னங்க தெரியும்?"

அவமதித்துவிட்டேனோ என்று பதறி மன்னிப்புக் கேட்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே மேகத்தைக் காட்டுகிறாள். இங்கே வானத்துக்குத்தான் மானம் என்று பெயர்.

"இது எங்க ஊட்டு மழைங்க. நேத்தே காட்ட உழுது போட்டமுங்க."

பிறகு பத்திரிகையை வாங்கி, மழைச் செய்தி இருந்த தாளைக் கிழித்துச் சுருட்டி, அதிலேயே எனக்குக் கடலைக்காய் போட்டுத் தருகிறாள்.