பிள்ளையாரின் மல்லிச்செடி

சாணார்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் சிவனம்மாள், கையில் கொடுத்த டம்ளரை முதலில் முகர்ந்துதான் பார்த்தாள். மகன் ஆனந்த்ராஜ் வியட்நாம் சுற்றுலா போனபோது வாங்கி வந்த கிரீன் டீ அது. பால் இல்லை, சீனி இல்லை, மல்லி வாசம் மட்டும் தூக்கலாக இருந்தது.

“இதுல பூ எங்கடா?”

“வாசம் ஏறுனதும் பூவை எடுத்துருவாங்கம்மா. குடிங்க.”

அவளுக்குச் சந்தேகம் கூடியது. மொட்டுப்புழுவுக்காக வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறவள் அவள். பறிக்க வரும் பெண்கள் மறந்துபோய் ஒரு மொட்டைக் கடித்தாலும் துப்பச் சொல்லிவிடுவாள். இந்த டீயைத்தான் மாசமாயிருக்கும் மருமகள் தீபா தினமும் குடிக்கிறாள்.

“அந்த ஊர்ல பூவுக்கு மருந்து அடிப்பாங்களா?”

“நான் என்ன பூக்காட்டுக்கா போனேன்? எனக்கென்ன தெரியும்?”

சிவனம்மாள் முருகனை நினைத்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். லேசாகக் கசந்தது.

“மருந்து வாடை ஒண்ணும் இல்லைல அத்தே?” என்றாள் தீபா.

“நம்ம பூவுலயுந்தான் ரெண்டு நாள்ல வாடை போயிருது. மருந்து போயிருமா?”

கிணற்றடியில் இருக்கும் ஒரு செடிக்கு மட்டும் அவள் மருந்தே அடிப்பதில்லை. அது பிள்ளையாருக்கு. புழு தின்றது போக மிஞ்சும் மொட்டுகளைத்தான் தொடுத்துச் சாத்துவாள். அன்று சாயங்காலம் அதில் பறித்ததில் பாதியை, வீட்டில் வழக்கமாகப் போடும் டீத்தூள் டப்பாவில் போட்டு மூடினாள். காலையில் டப்பாவைத் திறந்து தீபாவிடம் நீட்டினாள்.

“அய்யோ, சாமி பூவாச்சே அத்தே!”

“அவர்ட்ட கேட்டுட்டேன். அரை மாலை போதும்னுட்டாரு. ஒனக்கு வாசந்தான வேணும்? இதைப் போட்டுக் குடி.”

வியட்நாம் பொட்டலத்தை அவள் ஏற்கெனவே மடியில் செருகியிருந்தாள்.